ஆரலுக்குக் கட்டில் அளவு

போன வாரம் நம் கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி படம் போட்டிருந்தார். இரண்டடித் தொட்டி, நீல விளக்கு, அடியில் வண்ணக் கல், அதற்குள் விரல் நீளத்தில் ஒரு ஃபயர் ஈல், அதாவது வெளிநாட்டு ஆரல் குட்டி. கீழே ஒரு வரி: "எந்த சைஸ் டேங்க்லயும் வளரும், ஜல்தியா புக் பண்ணுங்க." அதற்கு இருபது பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தீர்கள். எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பேச்சை விழுப்புரத்தில் ஆரம்பித்து வைத்தவன் அநேகமாக நானாகத்தான் இருப்பேன் என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வந்தது.

குழுவிலேயே திட்டி எழுத ஆரம்பித்து, பிறகு அழித்துவிட்டேன். கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற ஆள், பொழுது போகாமல் வம்புக்கு வருகிறான் என்று நினைப்பீர்கள். பொழுது போகவில்லை என்பதும் உண்மைதான். முப்பது வருஷத்துக்கு மேல் இருபது மோட்டார் சத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவனுக்கு இந்த அமைதி பிடிக்கவில்லை. எனக்குக் கல்யாணம் ஆனது, நிலைக்கவில்லை, அதைப் பற்றி எழுத இங்கே ஒன்றுமில்லை. ஆக, நேரம் நிறைய இருக்கிறது. நிதானமாகவே எழுதுகிறேன்.

கண்ணாடி ஒட்டுவது, சிலிகான் காய்வது, ஃபில்டர் மாட்டுவது எல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் சொல்ல வந்தது வேறு. வாடிக்கையாளர் கல்லாவுக்கு எதிரில் நின்று, "இது எவ்ளோ பெருசாவும்?" என்று கேட்பார் பாருங்கள், அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான்.

என்னிடம் அப்படிக் கேட்டவர் பெயர் எஸ்தர். திண்டிவனத்துக்காரர். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அக்கா என்று கூப்பிட்டிருக்கலாம், ஆனால் ஊரே அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன். கண் டாக்டரைப் பார்க்க விழுப்புரம் வந்தவர், திரும்பிப் போகிற ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று ஜங்ஷன் ரோட்டில் இருந்த என் கடைக்குள் நுழைந்தார். வருகிறவர்கள் எல்லாரும் பளபளவென்று இருக்கிற மீனைத்தான் பார்ப்பார்கள். இவர் நேராக மூலையில் இருந்த ஒரு தொட்டிக்குப் போய்க் குனிந்தார். அங்கே மணலுக்குள்ளிருந்து ஒரு கூர்மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

"இது யாரு?" என்றார். இது என்ன என்று கேட்கவில்லை.

"ஃபயர் ஈல், சிஸ்டர். நம்ம ஏரி ஆராவுக்குச் சொந்தக்காரன். வெளிநாட்டு பார்ட்டி."

"ஆராவா? அத கொழம்பு வெச்சி தின்னவங்க நாங்க. அத போயி கண்ணாடிக்குள்ள வெச்சி விக்கிற?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அதற்குள் அந்தக் குட்டி மணலை உதறிக்கொண்டு வெளியே வந்து, கண்ணாடி ஓரமாக அவர் விரல் இருந்த இடத்தில் நின்றது. கறுப்பு உடம்பு, அதில் சிவப்புக் கோடு. ஆரல் குட்டி அவ்வளவு சீக்கிரம் யாரிடமும் வராது. அவர் முகம் மாறிப் போனதைப் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள் அந்த மாற்றத்தை. வியாபாரம் முடிந்துவிட்டது என்று நமக்குத் தெரிந்துவிடும்.

"எவ்ளோ பெருசாவும்?" என்று கேட்டார்.

"தொட்டிக்குத் தக்கனதான் சிஸ்டர் வளரும். சின்னதுல வெச்சா சின்னதாவே நின்னுடும்."

"இன்னாப்பா சொல்ற? சின்ன பாயில படுக்க வெச்சா கொழந்த வளராம நின்னுடுமா? பிரசவ வார்டுல தலை நரைச்சவகிட்ட சொல்றியே."

"மீனு வேற, மனுஷன் வேற, சிஸ்டர்" என்றேன். பெரிய விஞ்ஞானி மாதிரி.

கடையில் அப்போது ஒரு தொட்டி விற்காமல் கிடந்தது. விக்கிரவாண்டியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று விட்டது. நீளம் மூன்றடி, உயரம் இரண்டடி, அகலம் ஒரே ஒரு அடி. முன்னால் நின்று பார்த்தால் அம்சமாக இருக்கும், சினிமாத் திரை மாதிரி. அதையே சிஸ்டர் தலையில் கட்டினேன். மறுநாள் நானே திண்டிவனம் போய், மாடியில் அவர் தனியாகக் குடியிருந்த போர்ஷனில், ஜன்னல் ஓரமாக வைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வந்தது. செத்துவிட்டது என்று சொல்லப் போகிறார் என்றுதான் எடுத்தேன். நம் தொழிலில் வேறு எதற்கு வாடிக்கையாளர் போன் செய்வார்? தண்ணீர் கலங்கிவிட்டது, மோட்டார் நின்றுவிட்டது, மீன் மிதக்கிறது. இவரோ, "மண்புழு குடுத்தேன் தம்பி, கையிலருந்தே வாங்கிக்கினு போனான்" என்றார். அவ்வளவுதான் விஷயம். அடுத்த ஞாயிறும் செய்தார். அதற்கடுத்த ஞாயிறும். விளக்கை அணைத்துவிட்டால் சரியாக ஆறு மணிக்கு மணலை விட்டு வெளியே வருகிறதாம், ஷிப்ட் மாறுகிற நர்ஸ் மாதிரி. அதனால் டூட்டி என்று பெயர் வைத்துவிட்டார். "டூட்டிக்கு வந்துட்டான்பா" என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார். பிறகு என்ன சாப்பிட்டேன் என்று என்னைக் கேட்பார். ஹோட்டலில் சாப்பிட்டேன் என்றால் திட்டுவார்.

மகன் ஒருவன் வெளிநாட்டில் இருப்பதாக ஒரு முறை சொன்னார். அவன் போன் செய்வதைப் பற்றி அவர் சொன்னதில்லை, நானும் கேட்கவில்லை. எனக்கு வாரத்தில் நல்ல சேதி சொல்ல வருகிற போன் அது ஒன்றுதான். ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையில் யார் எதைக் கேட்டாலும் எனக்குக் காது போனிலேயே இருக்கும். வெட்கப்பட ஒன்றுமில்லை, அப்படித்தான் இருந்தேன்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. ஒரு புதன்கிழமை காலையில் போன் வந்தது. ஞாயிறு இல்லாமல் புதன் என்றதுமே கையில் இருந்த வலையைக் கீழே போட்டுவிட்டு எடுத்தேன்.

"தம்பி, டூட்டி மூக்கு வெள்ளையா உரிஞ்சிக்கினு வருது. நாலு நாளா சரியா தின்ன மாட்டேன்றான். கொஞ்சம் வந்து பாக்கிறியா?"

கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால், விரல் நீளத்தில் கொடுத்தது ஒன்றே முக்கால் அடி ஆகியிருந்தது. கனமும் அதற்கேற்ற மாதிரி. முன்னால் நின்று பார்த்தபோது அப்படி ஒன்றும் மோசமாகத் தெரியவில்லை. மேலே ஏகப்பட்ட தண்ணீர், மீன் கீழே ஓரமாக இருந்தது. அப்போதுதான் சென்னை கொளத்தூரில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மொத்த வியாபாரி ஞாபகத்துக்கு வந்தார். யாராவது தொட்டி வாங்க வந்தால் ஸ்டூலைப் போட்டு ஏறச் சொல்வார். "முன்னால நின்னு பாக்கறது நீ. அது வாழறது தரையில. மேலருந்து பாரு" என்பார். நாங்கள் பின்னால் நின்று சிரிப்போம்.

சிஸ்டர் வீட்டில் இருந்த நாற்காலியைப் போட்டு ஏறி, மேலிருந்து பார்த்தேன். அது தொட்டியாகவே இல்லை. ஒரு சாக்கடைக் கால்வாய் அகலம். மீன் ஒரு முனைக்குப் போனது. திரும்ப வேண்டும். தலையை வளைத்தது, மூக்கு கண்ணாடியில் இடித்தது. பின்வாங்கி மறுபடி வளைத்தது. மறுபடி இடித்தது. கடைசியில் தன் உடம்பின் மேலேயே ஏறி மடிந்து, மூக்கைக் கண்ணாடியோடு தேய்த்துக்கொண்டே திரும்பியது. மறுமுனைக்குப் போனது. அங்கேயும் அதே கதை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை திரும்பியிருக்கும் என்று நினைத்ததும் நாற்காலியிலிருந்து இறங்கிவிட்டேன்.

ஆரல் பாம்பு மாதிரி வளைகிற மீன்தானே, சின்ன இடம் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வளைவது வேறு, மடிவது வேறு. மூன்றடி வரைக்கும் போகக்கூடிய மீன் அது. தொட்டிக்குள்ளே இரண்டடி, இரண்டரை அடி நிச்சயம். உயரம் அதற்குத் தேவையே இல்லை, ஒன்றரை அடி தாராளம். தரைதான் வேண்டும். நீளம் ஆறடி, அகலம் இரண்டடி, மூக்கை உரசாத நைஸ் மணல், எக்கினால் திறக்காத கனமான மூடி. நீங்கள் படுக்கிற ஒற்றைக் கட்டில் இருக்கிறதே, கிட்டத்தட்ட அந்த அளவு. இதற்குக் கீழே யார் எதைச் சொன்னாலும் அது வியாபாரத்துக்காகச் சொல்வது.

சின்னத் தொட்டியில் மீன் சின்னதாக நிற்பதில்லை, சீக்காகி நிற்கிறது. பெரும்பாலும் வளர்வதற்குள் செத்துப் போகிறது. அதனால்தான் நம் பொய் இவ்வளவு காலம் பிடிபடாமல் ஓடியது. சிஸ்டர் வேளாவேளைக்குப் புழு போட்டு, வாராவாரம் தண்ணீர் மாற்றி, நோயாளியைப் பார்த்துக்கொள்கிற மாதிரி பார்த்துக்கொண்டார். அதனால் அது வளர்ந்துவிட்டது. நன்றாக வளர்த்த ஒருவரிடம்தான் நான் மாட்டிக்கொண்டேன்.

"ஆறடித் தொட்டி வேணும் சிஸ்டர்" என்றேன்.

"வெச்சிட்டா போச்சி. இந்தச் சுவரோரமா வரும் இல்ல?"

தண்ணீர் மட்டுமே அரை டன் வரும், கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் அதற்கும் மேலே என்று சொன்னேன். நின்றுகொண்டிருந்தது பழைய வீட்டு மாடி. நாங்கள் பேசுவதைக் கேட்டுக் கீழ்வீட்டு ஓனர் படியேறி வந்துவிட்டார். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வியாபாரம் செய்பவர், நல்ல மனுஷர்தான்.

"அரை டன்னா? மூட்டை கணக்குல பத்து மூட்டைக்கு மேல ஆவுதே! அது மேல இருக்கும், அதுக்குக் கீழ நான் படுத்துக்கினு இருக்கணுமா?" என்றார்.

அவர் கேட்டதில் தப்பு இல்லை. தளத்தில் விரிசலை நானே பார்த்தேன்.

சிஸ்டர் விடவில்லை. தரைத்தளத்தில் வேறு வீடு பார்க்கிறேன் என்றார். அந்த வாரம் கடையை மதியத்தோடு மூடிவிட்டு நானும் இரண்டு நாள் அவரோடு அலைந்தேன். தனியாக இருக்கிற வயதான பெண்ணுக்கு யாரும் சுலபமாக வீடு கொடுப்பதில்லை. ஓர் இடத்தில் வீட்டுக்கார அம்மா, "கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார். சிஸ்டர், "ஒரு மீனு இருக்குது" என்றார். அந்த அம்மா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தெருவுக்கு வந்து இருவரும் சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு சிஸ்டர் அடுத்த தெருவுக்கு நடக்க ஆரம்பித்தார். மூக்குப் புண்ணில் பூசணம் பிடித்தால் மீன் ஒரு வாரம் தாங்காது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், அவர் பார்க்காத புண்ணா?

அன்றைக்குச் சாயங்காலம் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தோம். சிஸ்டர் மெதுவாகக் கேட்டார்.

"நாலடித் தொட்டி ஒண்ணு கடையில கீதுன்னு சொன்னியே. அத இங்க வெக்கலாம் இல்ல? அது தாங்கும் இல்ல?"

"வெக்கலாம் சிஸ்டர்."

"அப்ப அதுவே போதும்னு சொல்லேன் தம்பி. நீ ஒரு வார்த்த சொன்னா போதும். நான் அதுக்கு மேல கேக்க மாட்டேன்."

தம்பிகளே, தங்கைகளே, நான் இவ்வளவு எழுதியது இந்த இடத்துக்காகத்தான். என் மனசு அப்போது என்ன சொன்னது என்பதை மறைக்காமல் சொல்கிறேன். நாலடிக்கு ஒன்றரை அடித் தொட்டியில் இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம். புண் ஆறும், கொஞ்சம் சாப்பிடும். அவர் சந்தோஷப்படுவார். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். ஒரு வருஷம் என்றால் எத்தனை ஞாயிறு! ஒரு வருஷம் கழித்து வருவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். வாயைத் திறந்து "போதும் சிஸ்டர்" என்று சொல்லத்தான் போனேன். தொட்டிக்குள் அது திரும்ப ஆரம்பித்தது. இடித்தது. பின்வாங்கியது.

"போதாது சிஸ்டர்" என்றேன். "அன்னிக்கு நான் சொன்னதே பொய். தொட்டிக்குத் தக்கன வளரும்னு சொன்னேன் இல்ல, அது பொய். எனக்குத் தெரிஞ்சேதான் சொன்னேன்."

கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் பாரம் குறைந்திருக்கும்.

"எனக்கும் அன்னிக்கே தெரியும்" என்றார். "எத்தினி கொழந்தைங்கள தூக்கியிருக்கேன், எது வளரும் எது வளராதுன்னு தெரியாதா? ஊட்டுக்கு இட்டுக்கினு வரணும்னு இருந்திச்சி. நீ சொன்னது வசதியா இருந்திச்சி."

மீனை என்னிடமே எடுத்துக்கொண்டு போவது என்று முடிவானது. என் கடைக்குப் பின்னால்தான் நான் குடியிருந்த அறை. தரைத்தளம், சிமெண்ட் தரை. ஆறடிக்கு அங்கே ஒரே ஓர் இடம்தான் இருந்தது, என் கட்டில் கிடந்த இடம். கட்டிலைப் பிரித்து வெளியே வைத்தேன். கொளத்தூரிலிருந்து ஆள் வரவழைத்துத் தொட்டியை ஒட்டினோம். ஒட்டு காய்கிற வரைக்கும் மீனைக் கடையில் இருந்த பெரிய சிமெண்ட் தொட்டியில், அளவாக உப்புப் போட்ட தண்ணீரில் வைப்பது என்று முடிவு செய்தோம்.

மூடி போட்ட நீல டிரம்மில் அதை வாடகைக் காரில் ஏற்றினோம். முதுகில் இருக்கிற முள் என் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சிஸ்டர் பின்சீட்டில் உட்கார்ந்து டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். விக்கிரவாண்டி டோல் கேட்டில் நல்ல கூட்டம். லாரிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தபோது கேட்டார்.

"என்ன மறந்துடுவானா தம்பி?"

மறக்காது சிஸ்டர் என்று சொல்வது எவ்வளவு சுலபம். நம் தொழிலில் பாதி அதுதானே. ஆனால் ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொண்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை.

"எனக்குத் தெரியல சிஸ்டர்."

அவர் டிரம்மை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். விழுப்புரம் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

மூன்று வாரம் கழித்து, மூக்குப் புண் ஆறி, மீன் பெரிய தொட்டிக்குப் போனது. அந்த ஞாயிறு அவர் ரயிலில் வந்தார். ஆறு மணிக்கு விளக்கை அணைத்தேன். அது மணலிலிருந்து வந்தது. அவர் கையிலிருந்து புழுவை வாங்கிக்கொண்டது. மறக்கவில்லை என்று நான்தான் துள்ளினேன். சிஸ்டர் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். மீன் அந்த ஆறடியும் நேராகப் போனது. முனையில், எதிலும் படாமல், ஒரு பெரிய வட்டம் போட்டுத் திரும்பியது. மறுபடி நேராக வந்தது. மறுபடி வட்டம்.

"ரவுண்டு அடிக்கிறான் பாரு" என்றார். "என் ஊட்ல மூணு வருஷம். ஒரு நாளும் இப்பிடித் திரும்பினதில்ல. அத நான் தெனமும் ஆறு மணிக்கு உக்காந்து பாத்துக்கினு இருந்தேன். நடக்கறான், நல்லாருக்கான்னு உங்கிட்டயும் சொல்லிக்கினு இருந்தேன்."

"தப்பு என்னுது சிஸ்டர்."

"ஆமா" என்றார். "என்னுதுந்தான்."

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை, முழங்கால் வலி என்று சொன்னார். அதற்கடுத்த ஞாயிறு போன் வந்தது, ஒரு நிமிஷத்தில் வைத்துவிட்டார். பிறகு போன் வருவது நின்றுவிட்டது. கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும். நன்றாக இருக்கிற மீனைப் பற்றி அவருக்கு என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை, என்னிடம் கேட்கவும் கஷ்டமாக இருந்திருக்கும். மீன் பிழைத்தது. அதற்கு நான் இன்றும் சந்தோஷப்படுகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த அறையில் பாயில் உட்கார்ந்துகொண்டு, அது போவதையும் திரும்புவதையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு அழுகை வந்திருக்கிறது. வயதான ஆண்பிள்ளை அழுவதைப் பார்க்க ஆள் இல்லாதது ஒரு வசதி.

சரியான அளவை முதல் நாளே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வியாபாரம் போயிருக்கும், அவ்வளவுதான். ஒருவேளை வேறு ஏதாவது சின்ன மீனை வாங்கிக்கொண்டு போயிருப்பார், இன்றைக்கும் போன் செய்துகொண்டிருப்பார். மூன்று வருஷம் தள்ளிச் சொன்னதால் விலை அதிகமாகிவிட்டது. ஆரல் குட்டியைக் கேட்டு வருகிறவரிடம் முதலில் வீட்டில் கட்டில் அளவுக்குத் தரைத்தளத்தில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் விற்காதீர்கள். பக்கத்துக் கடைக்குப் போய் வாங்கிவிடுவாரே என்றால், அந்தக் கடைக்காரரும் இந்தக் குழுவில்தானே இருக்கிறார், அவரும் படிக்கட்டும்.

கடையை மூடிய பிறகும் நானும் மீனும் அந்தப் பின்னறையில்தான். ஒரு ஞாயிறு, மனசு கேட்காமல் நானே போன் செய்தேன். ரொம்ப நேரம் அடித்த பிறகு எடுத்தார்.

"சிஸ்டர், நான்தான். மீன் கடை."

"செத்துட்டானா?"

"ஐயோ, இல்ல சிஸ்டர். நல்லாருக்கான். ரெண்டடிக்கு மேல வந்துட்டான்."

மூச்சை விட்டது எனக்குக் கேட்டது. பிறகு, "அப்புறம் எதுக்குப்பா போன் பண்ண?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

மூன்று வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் அவர் எதற்குப் போன் செய்தாரோ, அதற்குத்தான் நானும் செய்தேன். அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"சும்மாதான் சிஸ்டர்" என்றேன்.